இருபது வயசில் அரைமண்டி

கல்ச்சுரல்ஸ் முடிந்த அடுத்த வாரம், டான்ஸ் கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒரு ஜூனியர் தவறாமல் கேட்பது இது: "சின்ன வயசுல கத்துக்கல. இப்ப பரதநாட்டியம் ஆரம்பிச்சா வருமா?" உடனே நாலு பேர் "வயசெல்லாம் ஒரு தடையா!" என்று போட்டு இதயம் விடுவார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். கேட்டவர் சேர்ந்தாரா, சேர்ந்து எத்தனை மாசம் தாக்குப்பிடித்தார் என்று யாரும் பின்னால் கேட்பதில்லை.

வரும். ஆனால் அஞ்சு வயசுக் குழந்தைக்கு வருகிற வழியில் நமக்கு வராது. அந்த வித்தியாசம் முதலிலேயே தெரிந்தால் முழங்கால் தப்பிக்கும். மூணாவது மாசத்தில் "எனக்கு இது செட் ஆகாது" என்று விட்டுவிடவும் தோன்றாது. நான் செகண்ட் இயரில் சேர்ந்து, இப்போது ஃபைனல் இயர் வரைக்கும் வாரம் இரண்டு மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பவன். இன்னும் சலங்கை கட்டவில்லை. அதனால் இதை பரீட்சைக்கு முந்தின நாள் சீனியர் கொடுக்கிற நோட்ஸ் மாதிரி வாசியுங்க. டீச்சருக்கு இது மாற்று கிடையாது.

வயசுக் கணக்கு

சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி, ஏழு ஆண்டுகள் பயின்று, பன்னிரண்டாவது வயதில் அரங்கேறினாள். இன்றைக்கும் நிறைய வீடுகளில் கிட்டத்தட்ட இதே கணக்குதான் ஓடுகிறது. இதற்கு எதிர்ப்பக்கம் எல்லாரும் எடுத்துக்காட்டுவது ருக்மிணி தேவி அருண்டேலை. 1904-இல் பிறந்தவர், 1935 கடைசியில் அடையாறில் முதன்முதலாக மேடையில் பரதம் ஆடியபோது அவருக்கு வயது 31. கேட்கவே தெம்பாக இருக்கும். ஆனால் அவர் அதற்கு முன்பே பாலே கற்றிருந்தார். இடுப்பையும் பாதத்தையும் வெளிப்பக்கம் திருப்பி நிற்பது அந்த உடம்புக்குப் புதுசு இல்லை. நமக்கோ பன்னிரண்டு வருஷம் பெஞ்ச், அதற்குப் பிறகு லேப்டாப். இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

குழந்தைக்கு உடம்பு முதலில் கற்றுக்கொள்ளும், காரணம் பத்து வருஷம் கழித்துப் புரியும். நமக்குத் தலைகீழ். டீச்சர் ஒரு தடவை செய்து காட்டியதும் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடுகிறது, உடம்பு மட்டும் வர மாட்டேன் என்கிறது. புரிந்துவிட்டதாலேயே "இது முடிஞ்சுது, அடுத்தது என்ன" என்று மனசு ஓடும். சிலபஸ் முடிக்கிற பழக்கம் நம்மை விடாதே! பெரியவர்களாகச் சேர்கிறவர்களுக்கு ஆபத்து இந்த அவசரத்தில்தான் இருக்கிறது. அந்த அவசரம் முதலில் போய் உட்காருகிற இடம் முழங்கால்.

உட்காராமல் உட்காருவது

பரதத்தின் அடிப்படை நிலை அரைமண்டி. கதக் நிமிர்ந்து நின்று ஆடுவது. ஒடிசியில் சௌக் என்று சதுரமாக ஒரு நிலை உண்டு. பரதத்தில் பாதி உட்கார்ந்த நிலை. குதிகால்கள் சேர்ந்திருக்கும் (சில பாணிகளில் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுவார்கள்), பாதங்கள் இரண்டு பக்கமும் வெளியே திரும்பியிருக்கும், முழங்கால்கள் பக்கவாட்டில் மடங்கும், முதுகு மட்டும் நிமிர்ந்தே இருக்கும். முன்னால் இருந்து பார்த்தால் இரண்டு தொடையும் காலும் சேர்ந்து ஒரு சாய்சதுரம் தெரியும். இதிலிருந்து முழுக்கக் கீழே இறங்கி, குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் உட்கார்ந்தால் முழுமண்டி.

பாதம் எவ்வளவு தூரம் வெளியே திரும்பலாம்? இதுதான் உயிரான கேள்வி. போட்டோவில் பார்க்கிற கலைஞர்களுக்கு இரண்டு பாதமும் ஏறக்குறைய ஒரே கோட்டில், 180 டிகிரியில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நாமும் பாதத்தைத் தரையில் அழுத்தித் திருப்பிவிடுவோம். கொஞ்சம் மெக்கானிக்ஸ் யோசித்துப் பாருங்க. இடுப்பில் இருப்பது பந்துக்கிண்ண மூட்டு, எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கால் பெரும்பாலும் கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், முறுக்கு தாங்காது. திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும். இடுப்பு 50 டிகிரிதான் திரும்புகிறது, பாதத்தை 80 டிகிரியில் வைத்துவிட்டீர்கள் என்றால், மீதி 30 டிகிரி எங்கே போகும்? நடுவில் இருக்கிற முழங்காலும் கணுக்காலும்தான் அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளும். அதோடு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் தட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சோதிப்பது சுலபம். அரைமண்டியில் இருந்தபடி கண்ணை மட்டும் தாழ்த்திப் பாருங்க, அல்லது பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்க. முழங்கால் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அதே திசையில்தான் பாதமும் இருக்க வேண்டும். முழங்கால் பெருவிரலைத் தாண்டி உள்பக்கம் விழுந்தால், பாதத்தைக் குறைத்துத் திருப்புங்க. சாய்சதுரம் குறுகலாக, அசிங்கமாகத்தான் தெரியும். பரவாயில்லை, ஆறு மாசத்தில் அது விரியும். அடுத்த சோதனை சுவர். முதுகைச் சுவரில் ஒட்டி, சறுக்கிக்கொண்டே இறங்குங்க. பின்பக்கம் தள்ளாமலும் நெஞ்சு முன்னால் சாயாமலும் எவ்வளவு இறங்க முடிகிறதோ, இப்போதைக்கு அதுதான் உங்கள் அரைமண்டி. பக்கத்தில் ஏழு வயசுப் பாப்பா உங்களைவிட ஒரு சாண் கீழே சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். கண்டுக்காதீங்க.

தொடை எரிவது சரி. அது தசை வேலை செய்கிற எரிச்சல், இரண்டு நாளில் போய்விடும். முழங்காலுக்கு உள்ளேயோ அதன் உள்பக்க ஓரத்திலோ சுருக்கென்று குத்தினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு டீச்சரிடம் சொல்லுங்க. வலி தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்க. "வலிச்சாதான் வரும்" என்று யாராவது சொன்னால், எந்த வலி என்று திருப்பிக் கேளுங்க.

தட்டு

அடவு என்பது பரதத்தின் அலகு. கால், கை, கண், உடம்பு நான்கும் ஒரு தாளக் கட்டுக்குள் சேர்ந்து செய்கிற ஒரு சின்ன அசைவு. இவற்றைக் கோத்துத்தான் பிறகு எல்லா உருப்படியும் வரும். முதலில் தட்டடவு. கைகள் இடுப்பில் இருக்கும், அரைமண்டி கலையாது, கால் மட்டும் தட்டும். டீச்சர் தட்டுக்கழியால் மரக்கட்டையில் தட்டிக்கொண்டே "தெய்யா தெய்" என்று சொல்வார். இந்தச் சொற்களுக்குச் சொல்லுக்கட்டு என்று பெயர். முதல் தட்டடவில் வலது ஒன்று, இடது ஒன்று. அடுத்ததில் ஒவ்வொரு காலுக்கும் இரண்டிரண்டு. அதற்கடுத்து மூன்று மூன்று. அவ்வளவுதானா என்று தோன்றும், எனக்கும் தோன்றியது.

இங்கே இரண்டு விஷயம் பாருங்க. ஒன்று, முழுப் பாதமும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். குதிகால் முதலில் விழுந்தால் "டொக்" என்று கேட்கும். பாதம் சமமாக விழுந்தால் கைதட்டல் மாதிரி விரிந்த சத்தம் வரும். காது இதை ஒரு வாரத்தில் பிடித்துவிடும். இரண்டாவது, ஒரு காலைத் தூக்கும்போது உடம்பு மேலே எழும்பக் கூடாது. இதற்கு நான் பயன்படுத்துகிற வழி: சுவரில் என் தலை உயரத்துக்கு, அதாவது அரைமண்டியில் இருக்கும்போது தலை வருகிற உயரத்துக்கு, ஒரு இன்சுலேஷன் டேப் ஒட்டி, எதிரே போனை வைத்து வீடியோ எடுப்பேன். தலை டேப்புக்கு மேலே போய்ப் போய் வந்தால், ஒவ்வொரு தட்டுக்கும் அரைமண்டியை விட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்கிறோம் என்று அர்த்தம். கண்ணாடி இந்த விஷயத்தில் ஏமாற்றும். கண்ணாடியில் முகத்தைத்தானே பார்ப்போம்.

தரை முக்கியம். கான்கிரீட்டின்மேல் ஒட்டிய டைல்ஸ் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. தட்டுகிற விசை அப்படியே காலுக்குத் திரும்பி வரும். மரத்தரை கிடைத்தால் பாக்கியம். கிடைக்காதவர்கள் அறையில் தனியாகப் பயிற்சி செய்யும்போது பாதி விசையில் தட்டுங்க. சத்தம் வகுப்பில் வரட்டும்.

மூணு காலம்

ஒவ்வொரு அடவையும் மூன்று காலத்தில் செய்ய வேண்டும். தாளத்தின் வேகம் மாறாது. முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு தட்டு என்றால், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கிளாக் அதேதான், அதற்குள் எத்தனை வேலை நடக்கிறது என்பதுதான் மாறுகிறது.

முதல் காலம் ஈஸி, மூன்றாம் காலம்தான் கெத்து என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ஒரு மாசம் போனால் உங்களுக்கே தெரியும், முதல் காலம்தான் நம்மை அம்பலப்படுத்துகிறது. அதே அடவுக்கு மூன்றாம் காலத்தைப் போல நான்கு மடங்கு நேரம் அரைமண்டியில் இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் எடை நிற்கிற நேரமும் அதிகம். வேகத்தில் மறைந்துபோகிற தள்ளாட்டம் எல்லாம் இங்கே பளிச்சென்று தெரியும். கையில் போன் மெட்ரோனோம் இருந்தால் நிமிஷத்துக்கு 60 என்று வைத்து முதல் காலத்தை மட்டும் பத்து நிமிஷம் செய்து பாருங்க. ஏசி இருந்தாலும் வியர்க்கும். பெரியவர்கள் முதல் ஆறு மாசம் நேரத்தில் முக்கால்வாசியை முதல் காலத்துக்கே கொடுக்கலாம் என்பது என் கட்சி. போரடிக்கும், தெரியும்.

தட்டடவுக்குப் பிறகு நாட்டடவு வரும். காலை நீட்டிக் குதிகாலைத் தரையில் நாட்டுவது. அங்கேதான் கைகளும் சேரும். பிறகு பரவல், குதித்து மெட்டு, தட்டு மெட்டு, சறுக்கல், மண்டி, தீர்மானம் என்று போகும். வரிசையும் எண்ணிக்கையும் பாணிக்குப் பாணி மாறும். பந்தநல்லூர் பாணியில் கற்றவரும் வழுவூர் பாணியில் கற்றவரும் ஒரே அடவுக்கு வேறு பெயர் சொன்னால் யார் சரி என்று யூடியூபில் தீர்ப்புத் தேடாதீங்க. உங்க டீச்சர் சொல்வதைப் பிடித்துக்கொள்ளுங்க.

நமக்குக் கிடைத்த ஒரு சலுகை

உடம்பு விஷயத்தில் குழந்தைகள் முந்தினாலும், தாளக் கணக்கில் நாம் முந்தலாம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. கையைத் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், மறுபடி தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. 4+2+2. பஸ்ஸில் போகும்போது போட்டுப் பழகுங்க, யாரும் கண்டுக்க மாட்டாங்க. இதோடு சேர்த்து ஐந்து ஜாதிகளையும் வாயால் சொல்லுங்க: திஸ்ரம் மூன்று, தகிட, சதுஸ்ரம் நான்கு, தகதிமி, கண்டம் ஐந்து, தகதகிட, மிஸ்ரம் ஏழு, தகிட தகதிமி, சங்கீர்ணம் ஒன்பது, தகதிமி தகதகிட.

தீர்மானம் என்கிற முடிவுக் கோவை எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஒரு சொல்லுக்கட்டை மூன்று தடவை சொல்லி, நடுவே இரண்டு இடைவெளி விட்டு, தாளம் முடிகிற இடத்தில் கச்சிதமாக முடிக்க வேண்டும். இடைவெளிக்குக் கார்வை என்று பெயர். எட்டு எண்ணிக்கையை நான்கு நான்காகப் பிரித்தால் ஒரு சுற்றில் 32 மாத்திரை. சொற்கட்டின் நீளம் x, கார்வை y என்றால் 3x + 2y = 32. x இரட்டைப்படையாக இருந்தே ஆக வேண்டும். x = 10 என்றால் கார்வை 1. அது தகதகிட இரண்டு தடவை. x = 8 என்றால் கார்வை 4, x = 6 என்றால் 7. மூன்றையும் கைத்தாளம் போட்டுச் சொல்லிப் பாருங்க. ஒரே சமன்பாடுதான், ஆனால் முதலாவது மூச்சு விடாமல் ஓடும், மூன்றாவதில் அந்த ஏழு மாத்திரை அமைதியைத் தாங்கி நிற்கவே தனி தைரியம் வேண்டும். இந்தக் கணக்கைப் போர்டில் போட நமக்கு அரை நிமிஷம். நட்டுவனார்கள் இதை நாக்கிலும் காலிலும் வைத்திருந்தார்கள்.

கை முத்திரைகளிலும் நம் மூளைக்கு வேலை உண்டு. நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தை ஒட்டி ஒற்றைக்கை முத்திரைகள் 28 சொல்லித் தருவார்கள். மனப்பாடம் செய்வதற்கு முன் வரிசையைக் கவனியுங்க. பதாகத்தில் நான்கு விரலும் நேராகச் சேர்ந்திருக்கும், கட்டைவிரல் மடங்கிப் பக்கத்தில் ஒட்டும். மோதிரவிரலை மட்டும் மடக்கினால் திரிபதாகம். கூடவே சுண்டுவிரலையும் மடக்கினால் அர்த்தபதாகம். அதில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் கத்தரி மாதிரி விரித்தால் கர்த்தரீமுகம். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு மாற்றம். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் படித்த கிரே கோடு ஞாபகம் வருதா? ஐந்தாவதான மயூரத்தில் இந்த ஒழுங்கு உடைந்துவிடும், அங்கே மோதிரவிரல் நுனி கட்டைவிரல் நுனியைத் தொடும். அதற்குள் நாலு முத்திரை கைக்கு வந்திருக்கும்.

இரண்டு மொழி

அடவுகளின் பெயர்களைத் திரும்பப் பாருங்க. தட்டு, நாட்டு, குதித்து மெட்டு, சறுக்கல், மண்டி. எல்லாம் சாதாரணத் தமிழ் வினைகள். கால் என்ன செய்கிறதோ அதுவே பெயர். முத்திரைகள் மட்டும் பதாகம், கர்த்தரீமுகம் என்று சமஸ்கிருதம். ஒரே வகுப்பில், ஒரே டீச்சரிடம், காலுக்கு ஒரு மொழி, கைக்கு ஒரு மொழி. இது எனக்கு உறைக்க ஒரு வருஷம் ஆனது.

கைகளின் பெயர்கள் நூல்களில் எழுதப்பட்டவை. அடவுகள் நட்டுவனார்களும் அவர்களிடம் கற்று ஆடிய பெண்களும் தலைமுறை தலைமுறையாக வாய்வழியே கொண்டுவந்தவை. இன்று நாம் "மார்க்கம்" என்று படிக்கிற அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசைக்கு 19ஆம் நூற்றாண்டில் வடிவம் கொடுத்தவர்கள் தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. ருக்மிணி தேவிக்குக் கற்றுக்கொடுத்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அந்த மரபில் வந்தவர்தான். அப்போது இதற்குச் சதிர் என்றுதான் பெயர். 1930களில் பரதநாட்டியம் என்ற பெயர் பரவி, வேறு வீட்டுப் பெண்கள் மேடைக்கு வந்தார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி அர்ப்பணிப்பைத் தடை செய்யும் சட்டம் வந்தது. சுரண்டலை நிறுத்த அது தேவைப்பட்டது. ஆனால் அதே காலத்தில், ஆடிக்கொண்டிருந்த குடும்பங்களில் பலருக்கு மேடையும் மரியாதையும் சேர்ந்தே போயின. அந்த மரபிலிருந்து வந்து கடைசிவரை ஆடிய பாலசரஸ்வதி (1918–1984) இதில் விதிவிலக்கு.

வகுப்பில் பெரும்பாலும் "ரெண்டாயிரம் வருஷப் பாரம்பரியம், கோயில் சிற்பத்திலேயே இருக்கு" என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 81 கரணங்கள் செதுக்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் அந்தக் கரணங்களும் நாம் தட்டுகிற அடவுகளும் ஒன்றில்லை. நம் காலுக்கு வந்து சேர்ந்த பாடம் கல்லிலிருந்து இறங்கி வரவில்லை, ஆட்களிடமிருந்து வந்தது. அந்த ஆட்களின் பெயர் தெரியாமல் தட்டிக் கும்பிடுவது எனக்கு என்னவோ மாதிரி இருக்கிறது. தட்டிக் கும்பிடுதல் என்பது வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் தரையைத் தொட்டுச் செய்கிற வணக்கம், முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள்.

சேருவதற்கு முன்

டீச்சரைத் தேடும்போது ஒரே ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்க. பெரியவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறதா, இல்லை குழந்தைகளோடு நிற்க வைப்பாரா? குழந்தைகளோடு நிற்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, ஆனால் அவர்கள் வேகத்துக்கு உங்க இடுப்பு திறக்காது. அரைமண்டியைத் திருத்தும்போது பாதத்தைச் சொல்கிறாரா, இடுப்பைச் சொல்கிறாரா என்று கவனியுங்க. சேர்ந்த மூணாவது வாரமே "ஆன்யுவல் டேக்கு ஒரு பாட்டு போட்டுடலாம்" என்று சொல்கிற இடத்தில் நான் சேர மாட்டேன். இரண்டு மாசத்தில் ஒரு பாட்டு ஆடிவிடலாம்; ரீல்ஸில் நன்றாகவே இருக்கும். அடுத்த பாட்டுக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

யூடியூப் சொல்லுக்கட்டு கேட்கவும் தாளம் போடவும் நல்லது. அரைமண்டிக்கு வேண்டாம். வீடியோ உங்க முழங்காலைப் பார்க்காது.

பசங்களுக்கு ஒரு வார்த்தை. "பரதமா? நீயா?" என்று கேட்பார்கள், ஹாஸ்டலில் ஒரு வாரம் கழுத்தை ஆட்டிக் காட்டுவார்கள். இதைக் கற்றுக்கொடுத்த நட்டுவனார்கள் ஆண்கள்தான் என்று சொல்லிப் பாருங்க. அது எடுபடாவிட்டால், அரைமண்டியில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து காட்டச் சொல்லுங்க. எங்க விங்கில் தினமும் ஜிம் போகிற ஒருத்தன் நாற்பதாவது செகண்டில் எழுந்துவிட்டான்.

உடை விஷயத்தில் செலவு வேண்டாம். முழங்கால் தெரிகிற மாதிரி பைஜாமா, மேலே குர்தா, இடுப்பில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா போதும். பசங்களும் அப்படியே கட்டலாம். சலங்கையை இப்போது வாங்காதீங்க, அது எப்போது என்று டீச்சர் சொல்வார். வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்க. மெஸ்ஸில் பூரி போடுகிற நாளில் இன்னும் முன்னாலேயே.

ரூமில் பயிற்சி செய்கிறவர்கள் முடிந்தால் கிரவுண்ட் ஃப்ளோர் ரூம் கேட்டு வாங்குங்க. இல்லையென்றால் கீழ் ரூமில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு இன்டர்னல் எப்போது என்று முதலில் விசாரித்துவிட்டு, அதற்கு அப்புறம் தட்டுங்க.